கணப்பு ஓர நாற்காலியும் கலப்பு ஷூவும்

மதிப்பிற்கும் பயபக்திக்கும் உரிய மச்சான் வில்ஃபிரட் அவர்களுக்கு,

ஓவர்பெக் கிராமத்திலிருந்து தங்கள் தங்கை மேவிஸின் கணவனும் ஓய்வு பெற்ற பஸ் ஓட்டுநருமான எட்வின் பிர்கெட், வீட்டில் ஒழுகாத ஒரே மூலையில் உட்கார்ந்து வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், மேவிஸ், நாய் டிப், மேவிஸின் கோழிகள் எல்லோரும் வழக்கமான மழையில் வழக்கம்போல் சுகம். அங்கே நார்ஃபோக்கில் மகள் வீட்டில் தாங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அந்த ஊரில் சுகமில்லாமல் போக வழியும் இல்லை. ஏறுவதற்கும் ஒன்றும் இல்லை, உருண்டு விழுவதற்கும் ஒன்றும் இல்லை. தபாலில் போடுவதற்கு முன் இந்தக் கடிதத்தைத் தான் ஒருமுறை படித்துப் பார்க்கப்போவதாக மேவிஸ் சொல்லியிருக்கிறாள். ஆகவே இதுவரை எழுதியதை மரியாதையாகவே எடுத்துக்கொள்ளவும்.

விஷயத்துக்கு வருகிறேன். நாற்காலி எனக்குக் கிடைத்துவிட்டது. இந்த ஒரு வரியை எழுதுவதற்காகத்தான் இன்று காலை கடைக்குப் போய்ப் புதுப் பேனா வாங்கி வந்தேன். நம் ‘கிடாய்’ மதுவிடுதியில் கணப்பு ஓரத்தில் கிடக்கிறதே, அதே நாற்காலிதான். ரேவன்ரிக் மலை ஓட்டத்தில் அறுபது தாண்டியவர்களில் முதலில் வந்து விடுதிக் கதவைத் தொடுபவருக்கு ஒரு வருடத்துக்கு அது சொந்தம், அவர் வராத நாளிலும் வேறு ஆள் உட்காரக் கூடாது என்று ஊரே காவல் காக்கும் நாற்காலி. அறுபது முடிந்த நாளிலிருந்து தாங்கள் அதைவிட்டு எழுந்ததே இல்லை. இருக்கை தங்கள் உருவத்துக்குக் குழிந்தே போய்விட்டது. அந்த வருடங்களில் எல்லாம் நான் எங்கே உட்கார்ந்திருந்தேன் என்பது தங்களுக்கு நினைவிருக்கும். கதவோரத்து முக்காலியில். கதவைத் திறந்துகொண்டு வருகிற ஒவ்வொரு ஆளோடும் கொஞ்சம் மழையும் சேர்ந்து வந்து என் முதுகில் இறங்கும். உடனே கணப்பு ஓரத்திலிருந்து, “எட்வின், கதவைச் சாத்து” என்று ஒரு குரல் வரும். அது யார் குரல் என்று நான் எழுத வேண்டியதில்லை. சிரிக்காதீர்கள் மச்சான், எனக்கு அந்த நாற்காலி மேல் அப்படி ஓர் ஆசை. தாங்கள் ஊரைவிட்டுப் போகிறீர்கள் என்று மேவிஸ் அழுதபோது நானும்தான் அழுதேன். ஆனால் அழுதுகொண்டே, இனி நாற்காலி காலி என்பதையும் நினைத்துக்கொண்டேன்.

போன கிறிஸ்துமஸுக்குத் தாங்கள் வந்திருந்தபோது சாப்பாட்டு மேஜையில் நடந்ததைத் தாங்கள் மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை.

“ரோட்டுக்கும் மலைக்கும் சேர்த்து ஒரே ஷூ வந்திருக்காம் மச்சான். கலப்பு ஷூவாம். ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன்” என்றேன்.

“ரெண்டு வேலைக்கு ரெண்டு ஷூ. அதுக்கு மேல பேச்சே இல்ல. அந்த உருளைக்கிழங்கை இந்தப் பக்கம் தள்ளு” என்றீர்கள்.

“நம்ம ஓட்டத்துல ஒரு ஜோடிதான போட முடியும்? நீங்க எழுதின விதிதான அது?”

“அதான் நீ கதவோரத்துல உக்காந்திருக்க.”

மேஜையே சிரித்தது. கட்டிய மனைவியும் சிரித்தாள். உருளைக்கிழங்கை நான் தள்ளினேன், ஆனால் அன்றே மனதுக்குள் ஒரு முடிவும் எடுத்துவிட்டேன்.

அந்த விதியைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. முன்பெல்லாம் ஆளாளுக்கு ரோட்டு ஷூவில் ஓடிவந்து, ரோடு முடிகிற மலைக் கேட்டில் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, முன்கூட்டியே கொண்டுவந்து வைத்திருந்த மலை ஷூவை மாட்டிக்கொண்டு ஏறுவார்கள். ஒரு வருடம் ஜாஸ் ஃப்ளெமிங்கின் ஆடுகள் வேலி தாண்டி வந்து அந்தக் குவியலில் புகுந்து கலைத்துவிட்டுப் போக, கைக்குக் கிடைத்ததை மாட்டிக்கொண்டு எல்லோரும் ஓடி, சாயங்காலம் பார்த்தால் ஒரே வீட்டில் மூன்று இடது கால் ஷூ. அதற்காகப் பேசாமல் போனவர்கள் இன்றுவரை பேசவில்லை. அப்போதுதான் ஓட்டக் கமிட்டியின் செயலாளராக இருந்த தாங்கள், ‘சர்ச் வாசலில் ஒரு ஜோடி, விடுதி வாசலிலும் அதே ஜோடி’ என்று விதி எழுதினீர்கள். தாங்கள் எழுதியவற்றிலேயே அழகான வாக்கியம் அது. இன்றும் நோட்டீஸ் பலகையில் இருக்கிறது.

ஆனால் அந்த விதி என்னைப் படுத்திய பாடு எனக்குத்தான் தெரியும். நம் ஓட்டத்தில் முதலில் தார் ரோடு, நடுவில் மலை, கடைசியில் மறுபடியும் தார் ரோடு. அடியில் பல் பல்லாக ரப்பர் துருத்திக்கொண்டிருக்கும் மலை ஷூவைப் போட்டுக்கொண்டு ஓடிய வருடம், மலையெல்லாம் ஆடு மாதிரி ஏறி இறங்கிவிட்டு, கடைசி ரோட்டில் ஒவ்வோர் அடிக்கும் முட்டி அலற, நொண்டி நொண்டி வந்தேன். சரி என்று அடுத்த வருடம் மெத்தென்ற ரோட்டு ஷூவைப் போட்டுக்கொண்டு போனேன். ரோட்டில் நானே முதல். மலைச் சரிவில் ஈரப் புல்லில் கால் வைத்த கணத்திலிருந்து நான் காலால் ஓடவில்லை, உட்கார்ந்தபடியே வந்து சேர்ந்தேன். அன்று இரவு மேவிஸ் என் கால்சட்டையிலிருந்து பிடுங்கிப் போட்ட பெரணி இலையில் கோழிக்கூட்டுக்கு ஒரு கூரையே போட்டிருக்கலாம்.

ஆகவே பனி விட்டதும் மேவிஸைக் கூட்டிக்கொண்டு கெண்டலுக்குக் கிளம்பினேன். அங்கே ஒரு ஷூக் கடை. கடைக்காரத் தம்பி என்னை ‘டிரெட்மில்’ என்கிற ஓடுகிற பட்டையின் மேல் ஏற்றிவிட்டு, பின்னால் நின்று என் கால்களை வீடியோ எடுத்தான். எடுத்ததை எனக்கே போட்டும் காட்டினான். மச்சான், தங்கள் பின்பக்கம் ஓடுவதைத் தாங்கள் பார்த்ததில்லை என்றால் அப்படியே இருந்துவிடுங்கள். “சார், உங்க இடது கால் கொஞ்சம் சோம்பேறி” என்றான். இத்தனை வருடம் பஸ்ஸில் கிளட்ச் மிதித்த காலடா அது, சோம்பேறி இல்லை, களைத்திருக்கிறது என்றேன். பிறகு அவன் ஒரு நீல நிற ஷூவைக் கொண்டுவந்து, இதுதான் ரோட்டுக்கும் மலைக்கும் பொதுவான கலப்பு ஷூ, பல் ரொம்பப் பெரிதும் இல்லை, சிறிதும் இல்லை என்றான். நான் எப்போதும் வாங்குகிற அதே கம்பெனி. என் பழைய ரோட்டு ஷூ, பழைய மலை ஷூ இரண்டும் இருக்கிற அதே நீலம். எனக்கு அப்போதே மனம் சாய்ந்துவிட்டது. ஆனால் பட்டையில் ஓடிப் பார்த்து மலை ஷூ வாங்குகிறவன் நான் இல்லை என்பதால், ரோடும் சேறும் ஒரே இடத்தில் வேண்டும் என்று கேட்டேன். அவன் விழித்தான். நானே வெளியே போய், கார் நிறுத்துகிற இடத்தில் ரோடாக ஒரு சுற்று, அதன் நடுவில் நகராட்சி வைத்திருக்கும் பூப்பாத்தியில் மலையாக ஒரு சுற்று ஓடிப் பார்த்தேன். இரண்டாவது சுற்றில் ஓர் அம்மாள் குடையை நீட்டி மறித்து, “அந்த டஃபோடிலை நட்டது யாருன்னு தெரியுமா?” என்று கேட்டார். அவரே நட்டிருக்கிறார். மேவிஸ் போய் மன்னிப்புக் கேட்டு, குடையில் தெறித்த சேற்றைத் துடைத்துக் கொடுத்து, கடைசியில் அந்த அம்மாளும் அவளும் பூச்செடி பற்றிப் பேச உட்கார்ந்துவிட்டார்கள்.

கடைக்குத் திரும்பியதும் மேவிஸ், “எங்க, நான் ஒரு தடவை போட்டுப் பாக்கறேன்” என்று என் ஷூவை வாங்கி மாட்டிக்கொண்டாள். தங்கள் குடும்பத்துக் கால் எப்படிப்பட்டது என்று ஊரறியும். என் அளவு அவளுக்குச் சரியாக இருக்கும். கடையை ஒரு சுற்று சுற்றினாள். இன்னொரு சுற்று சுற்றினாள். “நல்லாத்தான் இருக்கு” என்றாள். கழற்றித் தர அவளுக்கு மனமில்லை என்று அப்போதே தோன்றியது. கூடவே அவளுடைய கோழிக்கூட்டுச் செருப்பு கிழிந்துபோனதைப் பற்றியும் ஏதோ சொன்னாள். பெரிய காரியத்தில் இறங்கியிருக்கும் மனிதன் அதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டிருக்க முடியுமா.

வாங்கியாயிற்று. ஆனால் பளபளவென்று புது ஷூவோடு ரேவன்ரிக் ஓட்டத்துக்குப் போய் நிற்க முடியாது என்பதைத் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து குடியேறிய அந்தப் பல் டாக்டர் சுத்தமான ஷூவில் வந்து நின்றதற்கு, இன்றுவரை அவரை ‘கல்யாண மாப்பிள்ளை’ என்றுதான் கூப்பிடுகிறோம். அதுவும் இல்லாமல் நான் புது ஆயுதம் வாங்கியிருப்பது ஜாஸ் ஃப்ளெமிங்குக்குத் தெரியவே கூடாது. தாங்கள் போன பிறகு நாற்காலி தனக்குத்தான் என்று அவன் ஆடுகளிடம்கூடச் சொல்லிக்கொண்டு திரிகிறான். ஆகவே ஓட்டத்துக்கு முந்தைய வாரம் ஷூவை ஓடைக்குக் கொண்டுபோய், கரையோரத்துக் கறுப்புச் சேற்றை அள்ளி, ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவதுபோல் இரண்டு பக்கமும் பூசினேன். லேஸைக் கல்லில் தேய்த்துப் பழையதாக்கினேன். வீட்டுக்கு வந்து, நம் வழக்கப்படி உள்ளே செய்தித்தாளைத் திணித்து, வாசல் அறையில் மற்ற இரண்டு ஜோடியோடு காயவைத்தேன். வேலை அவ்வளவு சுத்தம். தூரத்தில் நின்று பார்த்தால் எது புதுசு எது பழசு என்று எனக்கே தெரியவில்லை.

ஓட்ட நாள் காலையில் நம் ஊருக்கே உரிய மழை. மேவிஸுக்கு இந்த வருடம் மலை உச்சியில் வேலை. அதுவரை வந்ததற்கு அடையாளமாக ஓடுகிறவர்கள் கையில் ரப்பர் பட்டை மாட்டுகிற வேலை. துணைக்குத் தபால்காரர். நான் எழுந்திருப்பதற்கு முன்பே மழைக்கோட்டும் போட்டுக்கொண்டு அவள் கிளம்பிவிட்டாள். அந்த மழையில் கண்ணாடி போட்டுக்கொண்டு ஓட முடியாது என்பதால் நான் அதை அடுப்பு மேடையிலேயே வைத்துவிட்டு, வாசல் அறை இருட்டில் ஷூவை மாட்டிக்கொண்டு சர்ச்சுக்கு ஓடினேன். போகும்போதே தெரிந்துவிட்டது மச்சான், இது சாதாரண ஷூ இல்லை. இடது காலுக்கு மெத்தை, வலது காலுக்குப் பிடி. ஒவ்வொரு காலையும் தனித்தனியாக யோசித்துச் செய்திருக்கிறார்கள். என் இடது கால் களைத்த கால் என்று அந்தத் தம்பி கண்டுபிடித்து அதற்கேற்றபடி கொடுத்திருக்கிறான் பார்த்தீர்களா என்று உருகிப்போனேன்.

சர்ச் வாசலில் பாதிரியார் ஹில்டா அம்மையார் எல்லோருடைய விசில், மழைச்சட்டை, ஷூ எல்லாவற்றையும் சோதித்துக்கொண்டு வந்தார். என் இடது பக்கம் குனிந்து பார்த்தார்.

“ரோட்டு ஷூவா எட்வின்? மேல ஈரமா இருக்குமே. உங்களுக்காகத் தனியா ஜெபம் பண்ணட்டுமா?”

அதே நேரத்தில் என் வலது பக்கம் நின்ற ஜாஸ், லாடம் அடிக்க வந்த குதிரையைப் பிடிப்பதுபோல் என் காலைத் தூக்கிப் பார்த்தான். “ரோட்டு ஷூன்னு யார் சொன்னா? பல்லைப் பாருங்க. சுத்தமான மலை ஷூ. ரோட்டுல வந்து கெஞ்சப் போறான்” என்றான்.

இருவரும் எனக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

“ரெண்டும்தான். அதுக்குப் பேருதான் கலப்பு” என்றேன் அடக்கமாக.

“குதிரையையும் கழுதையையும் கலந்தா கோவேறு கழுதை வரும் எட்வின். நல்லாச் சுமக்கும். ஓடாது” என்றான் ஜாஸ். ஆனால் அவன் முகம் மாறியதை நான் கண்ணாடி இல்லாமலே பார்த்தேன்.

ஹில்டா அம்மையார் மணியை ஆட்டினார், கிளம்பினோம். முதல் ரோட்டில் என் இடது கால் மேகத்தில் போவதுபோல் போயிற்று. வலது கால் மட்டும் தடக், தடக் என்று சத்தம் போட்டது. புது ஷூ பழக வேண்டாமா என்று பொறுத்துக்கொண்டேன். ஜாஸ் எனக்கு முன்னால் கேட்டைத் தாண்டினான். ஏற்றத்தில் வலது கால் ஆணி அடித்ததுபோல் பிடித்தது, இடது கால் வைக்கிற இடத்திலெல்லாம் சறுக்கியது. கிளட்ச் கால்தானே, அதன் சோம்பேறித்தனத்துக்கு ஷூ என்ன செய்யும் என்று வலது காலை நம்பியே ஏறினேன். ஒரு காலால் ஏறி மறு காலை இழுத்துக்கொண்டு வருவதைப் பார்த்த ஓர் ஆடு மேய்ச்சலை விட்டுவிட்டு என்னோடு கொஞ்ச தூரம் நடந்தே வந்தது.

உச்சியில் மழைக்கோட்டுக்குள் மேவிஸ். முழங்கால் வரை சேறு. என் கையில் பட்டையை மாட்டினாள்.

“ஜாஸ் எவ்வளவு தூரத்துல இருக்கான்?”

“அந்தா, பெரணிக்குள்ள தொப்பி தெரியுது பாரு. பேசாம இறங்கு.”

“ஷூ எப்படி இருக்குன்னு கேக்க மாட்டியா?”

அவள் குனிந்து என் கால்களைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், உதட்டைக் கடித்துக்கொண்டு, “பிரமாதமா இருக்கு. ஓடு” என்றாள். மனைவி வாயிலிருந்து அந்தச் சொல் வந்து வருடக்கணக்காயிற்று மச்சான். எனக்கு இறக்கை முளைத்துவிட்டது.

உச்சியிலிருந்து கீழே மலைக் கேட்டுக்கு எந்த வழியில் வேண்டுமானாலும் இறங்கலாம் என்பது நம் வழக்கம். ஓடையோரமாக நேராக இறங்கினால் கிட்ட, ஆனால் கழுத்து முறியும். ஜாஸும் நானும் மலையைச் சுற்றி வருகிற ஆட்டுத் தடத்தில்தான் போனோம். தடம் முழுக்க வலது பக்கம் சரிவு, இடது பக்கம் மலை. அந்தச் சரிவில் என் வலது கால் பிடித்த பிடி இருக்கிறதே, அதை எழுதப் புதுப் பேனாவும் போதாது. சரிவு எந்தப் பக்கம் என்று அந்த ஷூவுக்குத் தெரிந்திருக்கிறது. நான் சறுக்கவில்லை, உட்காரவில்லை, பெரணியை அரைக்கவில்லை. ஜாஸின் தொப்பி பக்கத்தில் வந்துகொண்டே இருந்தது. கேட்டைத் தாண்டிக் கடைசி ரோட்டில் இறங்கியபோது அவனுடைய இரண்டு காலும் தடக் தடக் என்று கெஞ்ச, என்னுடையதில் ஒன்று மட்டும் தடக் என்றது. பாதி வலியோடு ஓடுகிறவன் முழு வலியோடு ஓடுகிறவனைப் பிடிக்காமல் என்ன செய்வான்.

“என்னய்யா, உனக்கு ஒத்தக் கால் மட்டும் சத்தம் போடுது?” என்று மூச்சுவாங்கக் கேட்டான்.

“தொழில்நுட்பம்” என்று சொல்லிவிட்டு அவனைத் தாண்டினேன்.

விடுதிக் கதவை நான் இரண்டு கையாலும் தொட்டேன். வாசலில் மேவிஸ் டீக் கோப்பையோடு நின்றாள். முடியெல்லாம் ஈரம், கன்னமெல்லாம் சிவப்பு. “எங்க போயிருந்த? டீ ஆறிப்போச்சு” என்றாள். உச்சியில் பட்டை மாட்டியவள் எப்படி எனக்கு முன்னால் வந்து டீ போட்டாள் என்று கேட்க அப்போது தோன்றவில்லை. வெற்றி பெற்றவன் சில்லறை விஷயங்களில் மனதைச் செலுத்துவதில்லை.

நாற்காலியில் உட்கார்ந்தேன். தங்கள் குழி எனக்குப் பெரிதாக இருந்ததால் விடுதிக்கார அம்மாள் ஒரு தலையணை கொண்டுவந்து போட்டார். கணப்புச் சூடு முட்டியில் ஏறியது. தட்டில் கம்பர்லாந்து தொத்திறைச்சி, கையில் பீர். அந்த நேரம் பார்த்து யாரோ உள்ளே வர, கதவோரத்து முக்காலியில் உட்கார்ந்திருந்த ஜாஸ் மேல் மழை அடித்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு, தங்கள் குரலிலேயே, “ஜாஸ், கதவைச் சாத்து” என்றேன். சாத்தினான் மச்சான். எழுந்து போய்ச் சாத்தினான். என் கல்யாணத்தன்றுகூட நான் இவ்வளவு சந்தோஷப்படவில்லை. இந்த வரியை மேவிஸ் அடித்துவிட்டால் மை கொட்டிவிட்டது என்று நினைத்துக்கொள்ளவும்.

பிறகு நான் கலப்பு ஷூவைப் பற்றி ஒரு சொற்பொழிவும் ஆற்றினேன். பல் டாக்டர் உடனே ஒரு ஜோடி வாங்கப்போவதாகச் சொன்னார். ஜாஸே வாசலில் என்னை ஓரமாக அழைத்து, யாருக்கும் கேட்காத குரலில் கடை எங்கே இருக்கிறது என்று விசாரித்தான். ஆகவே தங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். ‘ரெண்டு வேலைக்கு ரெண்டு ஷூ என்று நான் சொன்னது தப்பு, எட்வின் சொன்னதே சரி’ என்று தாங்கள் ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். மரச்சட்டம் போட்டு நாற்காலிக்கு மேலே மாட்டப் போகிறோம். விடுதிக்கார அம்மாள் ஆணிகூட அடித்துவிட்டார்.

தங்கள் மகளுக்கும் மருமகனுக்கும் எங்கள் அன்பு. தங்கள் முட்டி வலி தீர்ந்து, காலடியில் எந்நாளும் சமதரையே அமைய வேண்டுமென்று கணப்பு ஓரத்திலிருந்து வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்பு மறவாத,
எட்வின் பிர்கெட்,
நாற்காலிக்கு உரியவர்.

பின்குறிப்பு: மேலே உள்ளதை முடித்த பிறகு, தாங்கள் கண்ணால் பார்த்து நம்பட்டும் என்று அந்த ஷூவையும் கூடவே பார்சல் கட்டலாம் என்று வாசல் அறைக்குப் போனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு சேற்றைத் துடைத்தேன். மச்சான், வலது கால் என் பழைய மலை ஷூ. இடது கால் என் பழைய ரோட்டு ஷூ. அவற்றின் ஜோடிகள் இரண்டும் மூலையில் செய்தித்தாளோடு சேர்ந்து நின்றுகொண்டிருந்தன. துடைத்த துணியோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

“மேலயே பாத்துட்டேன். சொன்னா நீ நின்னிருப்ப. நின்னா தோத்திருப்ப” என்றாள் மேவிஸ்.

கலப்பு ஷூ எங்கே என்று கேட்டேன். கோழிக்கூட்டுக்குப் போக நன்றாக இருக்கிறது என்று அதைச் சேறு பூசிய வாரத்திலிருந்தே அவள்தான் போட்டுக்கொண்டு திரிகிறாள். உச்சிக்கும் அதில்தான் போயிருக்கிறாள். எனக்குப் பட்டை மாட்டியதும், டீ போட நேரமாயிற்றே என்று பட்டைகள் இருந்த பையைத் தபால்காரரிடம் கொடுத்துவிட்டு, அந்தக் கழுத்து முறிகிற ஓடையோரமாக நேராக இறங்கி, ரோட்டில் ஓடி, ஜாஸுக்கும் முன்னால் வந்து அடுப்பைப் பற்றவைத்திருக்கிறாள். “மலையில வழுக்கவே இல்ல. ரோட்டுல சத்தமும் இல்ல. நீ சொன்னது நெசந்தான் எட்வின், ரெண்டுக்கும் ஆகும்” என்கிறாள். ஆக நான் சொன்னது முழுக்க முழுக்கச் சரி. ஆனால் அதை நான் வெளியே சொல்ல முடியாது.

ஆகவே மேலே கேட்ட காகிதத்தைத் தயவுசெய்து அனுப்ப வேண்டாம். ஆணி காலியாகவே இருக்கட்டும். ரெண்டு வேலைக்கு ரெண்டு ஷூ என்ற தங்கள் வாக்கை ஒரே ஓட்டத்தில் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தவன் நான் ஒருவன்தான் என்பதை நினைவில் வைக்கவும். இனி தங்களிடம் கேட்பது வேறொன்று. ‘ஒரு ஜோடி’ என்று விதியில் எழுதியபோது தாங்கள் சரியாக என்ன நினைத்தீர்கள்? ஓர் இடது, ஒரு வலது சேர்ந்தால் ஜோடிதானே? சர்ச் வாசலில் இருந்த அதே இரண்டும்தான் விடுதி வாசலிலும் இருந்தன. நன்றாக யோசித்து, எனக்குச் சாதகமாக, ஒட்டிய உறையில் பதில் போடவும். கார்டில் எழுதினால் தபால்காரர் படித்துவிடுவார். அவரும் அன்று உச்சியில்தான் இருந்தார்.

மேவிஸ் யாரிடமும் சொல்லப் போவதில்லையாம். இந்த வருடம் நாற்காலியை நானே வைத்துக்கொள்ளலாமாம். ஆனால் அவளுக்கும் அறுபது தாண்டிவிட்டது என்பதை நான் மறந்திருந்தேன். அடுத்த வருட ஓட்டத்துக்கு ஹில்டா அம்மையாரிடம் முதல் ஆளாகப் பெயர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். அப்படியானால் என் ஷூவையாவது திருப்பிக் கொடு என்றேன். கோழித்தீவனத்தை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கியவள் திரும்பிப் பார்த்து, “எந்த ஷூ? என் ஷூவா?” என்றாள்.